பாடத்திட்டத்தில் இல்லாத டீக்கடை

ஜூன் மாதம் எங்கள் ஊடகத் துறையில் சேர வரும் பிள்ளைகளிடம் ‘விஸ்காம் எதுக்கு?’ என்று கேட்டால் பெரும்பாலோர் சினிமா என்கிறார்கள். சிலர் செய்திச் சேனல், சிலர் யூடியூப். சினிமா என்று பிள்ளை சொன்னதும் கூட வந்த அப்பா தலையைக் குனிந்துகொள்கிறார். குனிய வேண்டியதே இல்லை. அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., வி.என்.ஜானகி, ஜெயலலிதா என்று இந்த மாநிலத்தின் முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவர்களில் இத்தனை பேர் திரைக்கு எழுதியவர்கள் அல்லது திரையில் நடித்தவர்கள். 1949இல் ‘வேலைக்காரி’ வந்ததையும் 1952இல் ‘பராசக்தி’ வந்ததையும் விட்டுவிட்டு 1967 தேர்தலைப் பேச முடியாது. சினிமாவைப் படிக்க ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு வருவது நியாயமான ஆசை. அந்த ஆசைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? மூன்று வருடத்தில் கேமரா பிடிக்கவும் லைட் போடவும் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். இந்த ஊரில் சினிமா என்ன செய்தது என்பதை அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

*

நான் வகுப்பில் திரும்பத் திரும்ப எடுக்கும் புத்தகங்கள் மூன்று. தமிழ்த் திரைப்படம் அரசியல் தொடர்புச் சாதனமானதைப் பற்றி கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் எழுதிய சிறு நூல். அதே 1981இல் வந்த சு. தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பற்றி 1992இல் எழுதிய ‘தி இமேஜ் டிராப்’. சிவத்தம்பி யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பேராசிரியர். பாஸ்கரன் தபால் துறை அதிகாரி. பாண்டியன் பொருளாதாரம் படித்தவர். மூவருமே ஊடகத் துறை ஆசிரியர்கள் இல்லை.

இது என்னை உறுத்துகிறது. எங்கள் துறைகளில் வருடா வருடம் ஆய்வேடுகள் கட்டுக்கட்டாகச் சேர்கின்றன. அவற்றில் பெரும்பகுதி, நூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்து வாங்கி, சதவீதம் போட்டு, ‘சமூக ஊடகம் மாணவர்களைப் பாதிக்கிறது’ என்று முடியும். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து பழைய நாடகக் கம்பெனிகளையும் பேசாப் படங்களையும் தோண்டி எடுத்திருக்கிறார். அவருக்கு இருந்த பசி நம் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. கிளப்பிவிட ஆள் வேண்டும்.

சிவத்தம்பி ஒன்று சொன்னார்: தமிழர்கள் அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகை. தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று பிரிவு இருந்தது. ஆனால் அது காசால் வந்த பிரிவு, பிறப்பால் வந்தது இல்லை. இதைச் சொல்லும்போது வகுப்பில் பின்வரிசை நிமிர்ந்து உட்காரும். தாத்தா தரை டிக்கெட்டில் படம் பார்த்த கதை அவர்கள் வீட்டில் உண்டு. அது பாடம் என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

*

ஊடகப் படிப்புக்கு நம் பக்கத்தில் வயது அதிகம். 1920இல் அன்னி பெசன்ட் அடையாறில் தம் தேசியப் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைப் பயிற்சி தொடங்கினார். மாணவர்கள் அவருடைய ‘நியூ இந்தியா’ அலுவலகத்துக்கே போய் வேலை கற்றார்கள். அலிகாரில் 1938, லாகூரில் 1941, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947. அமெரிக்காவின் மிசௌரியில் 1908இலேயே இதழியல் பள்ளி வந்துவிட்டது.

‘பத்திரிகைத் தொழிலை வகுப்பில் கற்க முடியுமா, டெஸ்க்கில் உட்கார்ந்தால்தானே வரும்’ என்று மூத்த பத்திரிகையாளர்கள் இன்றும் கேட்கிறார்கள். பாரதி 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, ஜி.சுப்பிரமணிய ஐயரிடம்தான் தொழில் கற்றார். பட்டயம் எதுவும் இல்லை. சரிதான். ஆனால் தினத்தந்தியை 1942இல் மதுரையில் தொடங்கிய சி.பா.ஆதித்தனார், தம் ஆட்களுக்காக ‘இதழாளர் கையேடு’ எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெஸ்க்கே போதும் என்றால் அந்தக் கையேட்டுக்கு என்ன தேவை? டெஸ்க் வேகத்தைக் கற்றுத்தரும். இந்தச் செய்தி முதல் பக்கத்துக்கு ஏன் போனது, அந்தச் செய்தி ஏன் வரவே இல்லை என்று நின்று யோசிக்க அங்கே நேரம் கிடையாது. அந்த நேரத்தைக் கொடுக்கிற இடம் வகுப்பறை. கொடுக்காவிட்டால் டெஸ்க்கே மேல்.

*

முதல் செமஸ்டரில் அமெரிக்க அரசியலறிஞர் லாஸ்வெல் வந்துவிடுவார். யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவு. பிள்ளைகள் அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அந்தச் சூத்திரம் 1948இல் வந்தது. அதற்கு 21 வருடம் முன்னால், 1927இல், அதே லாஸ்வெல் முதல் உலகப் போரின் பிரச்சாரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தகவல் தொடர்பு பற்றிய ஷானனின் கணிதக் கோட்பாடு பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பிறந்தது. வில்பர் ஷ்ராம் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசின் தகவல் அலுவலகங்களில் வேலை பார்த்தவர். போர் முடிந்த கையோடு பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையை நிறுவியவர். அதே போரில் சிப்பாய்களுக்குப் போட்ட படங்களை வைத்து உளவியலாளர் ஹோவ்லண்ட் ஆய்வு செய்தார்.

எதிராளியின் மனதை எப்படி மாற்றுவது, வீட்டில் உள்ளவனை எப்படிப் போருக்கு அனுப்புவது என்ற தேவையிலிருந்து வந்த அறிவு இது. பிறந்த இடம் தெரிந்தால்தான் அதன் அம்புகள் ஏன் மேலிருந்து கீழாகவே போகின்றன என்று புரியும். இதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடையாது. ஆனாலும் நான் சொல்கிறேன்.

*

அந்த அமெரிக்கர்களிலேயே எனக்கு லாசர்ஸ்ஃபெல்டை ரொம்பப் பிடிக்கும். 1940 அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்து ஈரி கவுண்டியில் 600 பேரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். ரேடியோவும் பத்திரிகையும் ஓட்டை மாற்றும் என்று தேடிப் போனவர்கள் கண்டது வேறு: மனிதரை மாற்றியது பெரும்பாலும் மனிதரே. படிக்கிறவர் ஒருவர், அவரிடம் கேட்டு முடிவெடுக்கிறவர்கள் பலர்.

இதைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை டீக்கடைக்கு அனுப்புகிறேன். ‘காலையில் கடை திறந்ததிலிருந்து உட்கார். பேப்பர் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று எழுது. யார் சத்தமாகப் படிக்கிறார், யார் மறுத்துப் பேசுகிறார், யார் ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டுப் போகிறார்.’

வந்த குறிப்புகள் அருமையாக இருந்தன. ஒரு பேப்பர் நான்கு தாளாகப் பிரிந்து நான்கு பேரிடம் இருக்கிறது. விளையாட்டுப் பக்கம் கிடைத்தவர் தலைப்புச் செய்தி கையில் இருப்பவரிடம் ‘என்னண்ணே சொல்றான்?’ என்று கேட்கிறார். படிப்பவர் அப்படியே படிப்பதில்லை; பாதி செய்தி, பாதி அவருடைய அபிப்பிராயம். சர்க்குலேஷன் கணக்கில் அது ஒரு பிரதி. சில கடைகளில் பெஞ்சில் உட்காருபவர் யார், ஓரமாக நின்று குடித்துவிட்டுப் போகிறவர் யார் என்பதையும் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். எழுதச் சொல்லாமலே எழுதியிருந்தார்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, ஆனாலும் பேப்பர் விரிகிறது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். போனில் பார்த்ததைப் பேப்பரில் சரிபார்க்கிறார்களாம்.

ஒரு மாணவி மட்டும் நோட்டை வெறுமையாகக் கொண்டுவந்தாள். “மேடம், கடையில பொம்பளைங்களே இல்ல. நான் போய் உக்காந்தா எல்லாரும் பேச்ச நிறுத்திடுறாங்க. அப்ப எங்க அம்மாவுக்குச் சேதி எங்கேருந்து வருது?”

அன்றைக்கு வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே பெரிய கேள்வி அதுதான். அவளுடைய ஆய்வேடு அதுவாகவே அமைந்தது. நூறு நாள் வேலை நடக்கும் இடம், மகளிர் குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ். இந்த நான்கு இடங்களில் செய்தி எப்படிப் போகிறது என்று எழுதினாள். நேற்று ராத்திரி சீரியலில் மாமியார் செய்ததைப் பேசுகிற சாக்கில் தங்கள் வீட்டு மாமியாரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பக்கம் பக்கமாக, பேச்சு மொழியிலேயே பதிவு செய்திருந்தாள். ஈரி கவுண்டியில் கேட்கப்படாத கேள்வி அவளுடையது.

*

முதலாம் ஆண்டுக்கு: கேமராவைத் தொடும் முன் ஒரு மாதம் ஒலி மட்டும். சந்தை, பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல், சாயங்காலக் கோயில். முகம் காட்டாமல் ஒரு மனிதரைக் கேட்பவருக்குத் தெரிய வைக்க முடிந்தால் பிறகு கேமரா தானாக வரும். குறும்படப் போட்டிகளுக்கு வரும் படங்களில் படம் பளிச்சென்று இருக்கிறது, பேசுவது கேட்பதில்லை.

*

ரேடியோ நெல்.

எவரெட் ராஜர்ஸின் புதுமைப் பரவல் கோட்பாடு எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. 1962. புதுமையை முதலில் ஏற்பவர் 2.5 சதவீதம், அடுத்து 13.5, பிறகு 34, 34, கடைசியாக 16. இந்த எண்களைப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். அந்தக் கோட்பாட்டின் வேர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மக்காச்சோள வயலில் இருக்கிறது. ராஜர்ஸே அயோவா விவசாயி மகன். அவருடைய அப்பா கலப்பின விதையை வேண்டாம் என்றிருந்தவர். 1936 வறட்சியில் அக்கம்பக்கத்துக் கலப்பினச் சோளம் நிமிர்ந்து நிற்க, அவர்கள் வயல் வாடியது. ஒரு பையன் தன் அப்பாவின் வயலைப் பார்த்துக் கேட்ட கேள்வி பிற்பாடு உலகமெல்லாம் பாடமானது.

நமக்கும் அப்படி ஒரு வயல் உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுவை ரகம் வந்தது. திருச்சி வானொலி நிலையம், 1939இல் தொடங்கியது, விவசாய நிகழ்ச்சிகளில் அந்த ரகத்தை விடாமல் பேசியது: எப்போது விதைப்பது, எவ்வளவு உரம் இடுவது, என்ன நோய் வரும். கேட்டுக் கேட்டுப் பயிரிட்ட தஞ்சாவூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. எந்த விளம்பரக் கம்பெனியும் யோசித்துச் சூட்டிய பெயரில்லை. கேட்டவர்களே வைத்தது. ஒரு ஊடகத்தின் பெயரைச் சுமந்த பயிர் வேறெங்காவது இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேட்பேன்.

இந்த இடத்தில் பாடத்தை முடித்துவிட்டால் அது நல்ல கதை. முடிக்கக் கூடாது. அதே தஞ்சாவூர் மாவட்டம், அதே வருடங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். புது ரகம் வந்து மகசூல் கூடிய காலம் அது. கூடிய மகசூலில் பங்கு கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

ரேடியோ, நெல்லைப் பற்றிப் பேசியது. நிலம் வைத்திருந்தவரிடம் பேசியது. நாற்று நட்டவருக்கு எவ்வளவு கூலி என்று எந்த நிகழ்ச்சியில் பேச முடிந்திருக்கும்? ராஜர்ஸின் ஐந்து வகையில் அந்த மனிதர்கள் எந்த வகை? நிலமே இல்லாதவர் புதுமையை ஏற்பதும் மறுப்பதும் எப்படி? ராஜர்ஸ் நேர்மையானவர். 1976இல், பழைய வளர்ச்சிக் கோட்பாட்டின் காலம் முடிந்தது என்று அவரே எழுதினார்; சமத்துவத்தை அந்தக் கோட்பாடு கவனிக்கவில்லை என்பதை ஒத்துக்கொண்டார். நம் பாடப்புத்தகங்களில் 1962 இருக்கிறது, 1976 பெரும்பாலும் இல்லை.

இந்த ஒரு பாடத்தை ஒழுங்காக நடத்தினால் போதும் என்று எனக்குச் சில வருடங்கள் தோன்றியிருக்கிறது.

*

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை சைட் திட்டம். செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி. தமிழ்நாடு அதில் இல்லை. சமூக அறிவியலாளர்கள் சில கிராமங்களில் தங்கியிருந்தே கவனித்தார்கள். அந்த முறை இன்றும் கற்கத் தக்கது. 1975 ஜூன் 25 அன்று அவசரநிலை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. கிராமத்துக்கு வானத்திலிருந்து படம் வந்த அதே வருடத்தில் நகரத்துப் பத்திரிகை வெள்ளையிடத்தோடு வந்தது. பாடத்திட்டத்தில் இவை வேறு வேறு அலகுகள். ஒரே நாளில் நடத்த வேண்டியவை.

*

தண்டோரா. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார்: அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொள்ளலாம். நல்ல உத்தரவு.

நாட்டார் ஊடகம் என்ற தலைப்பில் தண்டோராவைப் பழைமையான, எளிய, செலவில்லாத சாதனம் என்று எழுதும் நோட்ஸ்கள் இன்னும் சுற்றுகின்றன. அடித்தவர் யார் என்று அந்த நோட்ஸில் ஒரு வரி கிடையாது. ஊர் முழுக்கச் சேதி சொன்னவர், அந்த ஊர்க்கூட்டத்தில் உட்காரச் சம உரிமை இல்லாதவர். செய்தியைச் சுமப்பவருக்கும் செய்தியை முடிவு செய்பவருக்கும் நடுவில் இருந்த தூரம்தான் இங்கே தகவல் தொடர்பின் வரலாறு. ஊடக அறிஞர் மக்லூகன் சாதனத்தைப் பார் என்றார். நாம் சாதனம் யார் தோளில் தொங்கியது என்றும் பார்க்க வேண்டியவர்கள்.

*

2023 மார்ச். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் காட்சிகள். காவல்துறை மறுத்தது, பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, பொய் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. அதற்குள் பலர் ரயில் ஏறிவிட்டார்கள்.

உண்மை சரிபார்ப்பு வகுப்பில் இந்த வீடியோக்களை எடுத்துக்கொண்டு மூலத்தைத் தேடுவது எப்படி என்று கற்பிக்கிறோம். அது தேவை. ஆனால் ஒரு தொழிலாளி ரயில் ஏறியது வீடியோவைப் பார்த்து மட்டும் இல்லை. ஊரிலிருந்து வீட்டார் போன் போட்டு ‘வந்துவிடு’ என்றார்கள். மறுப்பு அறிக்கை காவல்துறையிடமிருந்து வந்தது. அவர் நம்பும் குரல் போஜ்புரியிலோ மைதிலியிலோ வந்தது. காவல்துறை இந்தியில் பேசியதும், தொழிலாளர் தங்குமிடங்களுக்கே போய்ப் பேசியதும் சரியான தகவல் தொடர்பு. ஆபத்து நேரத்தில் யார் மொழியில் பேசுகிறோம் என்பது தேர்வுக்கு வர வேண்டிய கேள்வி.

*

இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி நம்முடையது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1, 90.4 மெகாஹெர்ட்ஸ். அதற்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது: 1995இல் உச்ச நீதிமன்றம், காற்றலைகள் பொதுச் சொத்து என்றது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கில் வந்த வாசகம் அது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி, 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும். 2008இல் தெலங்கானாப் பகுதியின் மச்னூரில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ வந்தது.

வளாக வானொலி பல இடங்களில் மாணவர் பயிற்சிக்கூடமாக நின்றுவிட்டது. பாட்டு, வாழ்த்து, தேர்வுக்குத் தயாராவது எப்படி. அரசியல் செய்திக்கு அனுமதி இல்லை என்ற விதியைக் காரணம் காட்டுவார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சுற்றுவட்டாரத்துப் பெண்கள் பேசுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. மைக்கை வாசல் கேட்டுக்கு வெளியே கொண்டுபோக மனம் வேண்டும், அவ்வளவுதான்.

*

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் ஊடகக் கற்கைகள் உண்டு. நம் வகுப்பில் பத்திரிகைச் சுதந்திரம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவிலிருந்து தொடங்கும். அங்கே 1981 ஜூனில் நூலகத்தோடு ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிந்ததிலிருந்து தொடங்கலாம். 2000 அக்டோபரில் பத்திரிகையாளர் நிமலராஜன் வீட்டுக்குள் சுடப்பட்டார். 2005 ஏப்ரலில் கொழும்பில் பத்திரிகையாளர் தராக்கி சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 மே 2 அன்று, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முந்திய நாள், ‘உதயன்’ பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டார்கள். நம் பிள்ளைகள் இந்தப் பெயர்களைத் தெரியாமல் பட்டம் வாங்கக் கூடாது.

*

தூத்துக்குடி உப்பளம் பற்றி இறுதியாண்டு மாணவர்கள் ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள். விடியும் முன்னே போய், பாத்திகளில் வானம் தெரிவதை, வரிசையாகத் தலைச்சுமையோடு நடக்கும் பெண்களை, வெள்ளைக் குவியல்களை எடுத்திருந்தார்கள். கண்ணை எடுக்க முடியாத படம். எங்கள் துறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: வைவாவுக்கு முன் படம் எடுத்த ஊரிலேயே படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். காட்டினார்கள். தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து பார்த்த ஒரு வயதான அம்மா கடைசியில் எழுந்து சொன்னார்: “எய்யா, உப்பு வெள்ளையா அழகாத்தான் இருக்கு. எங்க கண்ணு போனதச் சொல்லலியே. கூலி என்னன்னு ஒருத்தரும் சொல்லலியே.”

யாரும் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. பிள்ளைகள் மறுபடி போனார்கள். வெயிலும் வெள்ளையும் சேர்ந்து கண்ணை என்ன செய்கிறது, மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது, நாள்கூலி என்ன என்று அவர் குரலிலேயே சேர்த்தார்கள். வானம் தெரியும் காட்சிகளில் பாதியை வெட்டினார்கள். போட்டிக்கு அனுப்பினார்கள், பரிசு வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் இன்டர்னலில் முழு மதிப்பெண் போட்டேன்.

*

கூலி என்றதும் எழுத வேண்டியது இன்னொன்று. இன்டர்ன்ஷிப் போகும் பிள்ளைகளுக்குப் பல நிறுவனங்கள் பஸ் காசு கூடக் கொடுப்பதில்லை. மாவட்டத்து ஸ்ட்ரிங்கருக்குச் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. பிரசுரமாகாத செய்திக்கு அலைந்த பெட்ரோல் அவர் கைக்காசு. 1955இலேயே உழைக்கும் பத்திரிகையாளருக்கென்று தனிச் சட்டம் வந்த நாடு இது. ஊதியக் குழுக்கள் வந்தன. ஸ்ட்ரிங்கர் எந்தப் பட்டியலிலும் ஒழுங்காக ஏறவில்லை. சம்பளம் வாங்காத நிருபருக்கு வேறு யாரோ சம்பளம் கொடுப்பார்கள். பிறகு செய்தி அவர்களுடையதாகிவிடும். ஊடக நெறிமுறைப் பாடத்தைச் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

*

இந்த வருட ஆய்வேட்டுக்குப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கும் தலைப்புகள்: மதுரைச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். கேபிள் வந்த புதிதில் ஊர் ஊராக நடந்த உள்ளூர்ச் சேனல்கள். கட்சிச் சுவர் எழுத்தாளர்களின் வாழ்க்கை. மைக் செட்காரரின் பாட்டு நோட்டு. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும் வரிசை. மேடைப் பேச்சு கேசட். பிளக்ஸ் வந்தபின் கையால் வரைந்தவர்கள் எங்கே போனார்கள்.

தமிழில் எழுதுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். மதுரையின் மேடைப் பேச்சைப் பற்றி பெர்னார்ட் பேட்டும், தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கும் பழக்கத்தைப் பற்றி பிரான்சிஸ் கோடியும் வெளிநாட்டிலிருந்து வந்து, தமிழ் கற்று, வருடக்கணக்கில் இங்கே இருந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போன தாத்தாவின் பேரன் எழுதினால் அதில் வேறு விஷயங்கள் வரும்.

இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் விளம்பரப் பலகை வரையும் ஓவியர் ஒருவர் இருந்தார், ரோஜா முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. தரமணியில் இருக்கிறது, யாரும் போய்ப் படிக்கலாம். அவர் சேர்க்காமல் போனவை இன்னும் நம் வீடுகளின் பரணில் கிடக்கின்றன.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பொதுக்கூட்டக் கேசட்டோ, மூடிப்போன உள்ளூர்ப் பத்திரிகையின் கட்டோ, நின்றுபோன கேபிள் சேனலின் டேப்போ, சினிமாக் கொட்டகை நோட்டீஸோ இருந்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டி வையுங்கள். பக்கத்துக் கல்லூரியின் ஊடகத் துறைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். வாங்கிக்கொள்ள எங்கள் பிள்ளைகள் வருவார்கள்.